அறுபத்து நாலு வீட்டுக்கு ஒரு படம்

படம் பார்க்கத் தெரிந்த எல்லோருக்கும் படம் தேர்ந்தெடுக்கவும் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்கு மட்டும்தான் அந்த நினைப்பு இருக்காது. சனிக்கிழமை சாயந்திரம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள நாலு பேருக்கும் ஒத்துவருகிற படத்தை முக்கால் மணி நேரம் தேடி, கடைசியில் செய்தியைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் நம்ம ஆள்தான். உட்காருங்கள். உங்களுக்கு நாலு பேர். எனக்கு அறுபத்து நாலு வீடு.

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் சர்வீஸ் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் லேஅவுட். ஒரு பக்கம் கம்பெனிகள். இன்னொரு பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் கர்நாடகா. நான் ஒரு கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். லைனில் வருகிற ஒவ்வொரு பீஸையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். கீறல் இருந்தால் சிவப்புப் பெட்டி, இல்லாவிட்டால் பச்சைப் பெட்டி. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை, இதே இரண்டு பெட்டி. வீட்டுக்கு வந்தால் கண் எரியும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஒரு வருஷமாக ஊருக்குப் படம் பார்த்துக் கொடுக்கிறேன்.

எப்படி மாட்டினேன்

நான் அந்தக் கூட்டத்துக்குப் போனது தெருவிளக்குக்காக. எங்கள் மூன்றாவது குறுக்குத் தெருவில் விளக்கு எரிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆனால் சங்கத் தலைவர் முனிராஜப்பா வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தார். இந்த லேஅவுட் முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு ராகி நிலம். பிளாட் போட்டு விற்ற பிறகு மிச்சம் இருக்கிற ஒரே சொத்து, நடுவில் ஒரு காலி மனையும் அதை ஒட்டி ஒரு குடோனும். அந்தக் குடோன் சுவருக்கு வெள்ளையடித்து மாதம் ஒரு படம் போட்டால், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியும் என்றார். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். என்ன படம் என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

எனக்கு விளக்கு விஷயத்துக்கு வந்தால் போதும் என்றிருந்தது. "ஏதாவது ஒரு நல்ல படமாப் பாத்துப் போட வேண்டியதுதானே சார், இதுல என்ன இருக்கு?" என்றேன். இருபத்து மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. அதற்கப்புறம் நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. விளக்கு அப்போதும் எரியவில்லை, இப்போதும் எரியவில்லை. முனிராஜப்பா நோட்டில் என் பெயரை எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டுச் சொன்னார்: "இதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான் மேடம், நீங்களே பாருங்க."

பேச்சில்லாத படம்

அனுமதி வாங்கிப் போடக்கூடிய படங்களின் பட்டியல் ஒன்றை, புரொஜெக்டர் வாடகைக்குத் தரும் ஓசூர்க் கடைக்காரர் அனுப்பிவைத்தார். முதல் மாதம் தமிழ்ப் படம் போட்டேன். கன்னடக்காரர்கள் பாதியில் எழுந்து போனார்கள். இரண்டாவது மாதம் கன்னடப் படம். தெலுங்கு பேசுகிறவர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து வேறு கதை பேசினார்கள். கடைசி வரிசை வாடகை அறைகளில் ஒடிசாவிலிருந்து வந்த எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு படத்துக்கும் வந்து, எல்லோரும் சிரிக்கும்போது ஒரு நொடி தாமதமாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆகவே மூன்றாவது மாதம் வசனமே இல்லாத பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எந்த மொழியும் வேண்டாம், கண் இருந்தால் போதும். இப்படி ஒரு யோசனை யாருக்கும் வராது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். படம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷம், அப்பாக்கள் பிள்ளைகளுக்குக் கதையை விளக்க ஆரம்பித்தார்கள். தமிழில் ஒரு விளக்கம், தெலுங்கில் ஒரு விளக்கம். கன்னடத்தில் இரண்டு பேர் வேறு வேறு விளக்கம் சொல்லி, யார் சொன்னது சரி என்று சண்டை வந்துவிட்டது. ஒடிசாக்காரர்கள்கூடத் தங்களுக்குள் ஒருவரை வர்ணனையாளராக நியமித்துவிட்டார்கள். ஹைவேயில் போகிற லாரிச் சத்தம் அன்றைக்கு எனக்குக் கேட்கவே இல்லை. முனிராஜப்பாவின் மனைவி நாகம்மா முன்வரிசையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படம் முடிந்ததும் என்னைத் தேடி வந்து, அவருக்கே உரிய கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்: "ஏனம்மா விஜயா, பேச்சே இல்லாத படத்துக்கு இவ்ளோ பேச்சு ஆனா, பேசற படத்துக்கு எவ்ளோ ஆகும்?"

ஒரு குறையும் இருக்கக் கூடாது

யோசனை இருந்தால் சொல்லுங்கள் என்று லேஅவுட் குரூப்பில் ஒரு செய்தி போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்புகளில் அதற்கு இரண்டாவது இடம். முதலாவது, கூட்டத்தில் வாயைத் திறந்தது.

சண்டை வேண்டாம், குழந்தைகள் தெருவில் போய் அதையே செய்கிறார்கள் என்றது ஒரு வீடு. காதல் வேண்டாம் என்றது கல்லூரிக்குப் போகும் பெண் இருக்கும் வீடு. பேய் வேண்டாம், காம்பவுண்டுக்கு அப்பால் ஏற்கனவே இருட்டு. குடிக்கிற காட்சி வேண்டாம், அவர் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும். அழுகை வேண்டாம், சீரியலில் தினமும் பார்க்கிறோம். சாமிப் படம் போடலாமே என்று ஒருவர். எந்தச் சாமி என்று இன்னொருவர். அந்தக் கேள்வியை முனிராஜப்பாவே அழித்துவிட்டார்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பட்டியலில் உள்ள படங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் யானைகள் பற்றிய ஒரு விவரணப் படம் மிஞ்சியது. அதைப் போட்டேன். யானையும் யானையும் சண்டை போட்டன. அப்புறம் காதலித்தன. குட்டி ஒன்று பள்ளத்தில் விழுந்து எல்லோரும் அழுதார்கள். வேண்டாம் என்று எழுதி வாங்கியதில் பேயும் குடியும்தான் பாக்கி. மூன்றாவது குறுக்குத் தெருவில் எதிர்வீட்டில் ராமலிங்கம் சார் இருக்கிறார். வங்கியில் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர். மறுநாள் பால் வாங்கப் போன என்னை நிறுத்தி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "படத்துல எந்தக் குறையும் இருக்கக் கூடாது மேடம், அதே சமயம் போரும் அடிக்கக் கூடாது, நான் கேக்கறது அவ்வளவுதான்."

ரமேஷுக்கு மட்டும் வேறு முடிவு

மாதத்தின் இரண்டாவது ஞாயிறுதான் படம். ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடியும். ஒன்பது மணிக்கு நைட் ஷிஃப்டுக்குப் போகிற கம்பெனி பஸ் சர்வீஸ் ரோட்டில் வந்து நிற்கும். ரமேஷ் என்று ஒரு வெல்டர், கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டாவது ஞாயிறு என்றால் அவருக்கு எப்படியோ நைட் ஷிஃப்ட் விழுந்துவிடும். யூனிஃபார்மோடு வந்து உட்காருவார். ஹாரன் கேட்டதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுவார். அவர் மனைவியிடம் முடிவைக் கேட்டால், "நீ போனதும் நானும் தூங்கப் போயிட்டேன்" என்பாராம். அதனால் திங்கட்கிழமை காலையில் அவர் இறங்குகிற இடத்தில் நான் ஏறும்போது, "அக்கா, என்ன ஆச்சு?" என்று என்னிடம் கேட்பார். அந்த ஒரு நிமிஷத்தில் கடைசி அரை மணி நேரக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது மாதம், சின்ன வயதில் நான் பார்த்த ஒரு குடும்பப் படத்தைப் போட்டேன். பார்த்ததுதானே என்று மறுபடி பார்க்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து வீட்டில் விருந்தாளிகள். படம் ஓடும்போது நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். கைதட்டல் கேட்டுத்தான் கண் விழித்தேன். மறுநாள் ரமேஷ் கேட்டபோது, குடும்பப் படம்தானே என்கிற தைரியத்தில், "எல்லாரும் ஒண்ணு சேந்துட்டாங்க, தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, சுபம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாவம், அவர் அதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். கேன்டீனிலும் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை சாயந்திரம் மளிகைக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, கோபமா வருத்தமா என்று தெரியாத ஒரு முகத்தோடு கேட்டார்: "ஏன்க்கா, மொத்த லேஅவுட்டும் அந்தத் தம்பி செத்துட்டான்னு அழுவுது, எனக்கு மட்டும் எப்படி அவனுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சீங்க?"

வார்டன் பார்த்த படம்

ரமேஷ் விஷயத்துக்குப் பிறகு, எந்தப் படமானாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பார்த்துவிட்டுத்தான் போடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு மாதம் அப்படியே செய்தேன். வாரத்துக்கு மூன்று படம். சுந்தரம், அதாவது என் வீட்டுக்காரர், தோசையைத் தானே ஊற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டது அந்த இரண்டு மாதத்தில்தான்.

லேஅவுட் முனையில் கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் ஒன்று உண்டு. நாற்பது பெண்கள், தெற்கேயிருந்து வந்தவர்கள் பாதிப் பேர். மொட்டை மாடியில் நின்று சுவரைப் பக்கவாட்டில் பார்ப்பார்கள். அவர்களைக் கீழே அனுப்பச் சொல்லி வார்டனிடம் கேட்டேன். வார்டன் ஸ்டெல்லா திருநெல்வேலிப் பக்கம். சிரித்து நான் பார்த்ததில்லை. "படத்துல யாரும் வீட்டை விட்டு ஓடக் கூடாது. அப்படின்னா அனுப்புதேன்" என்றார். பட்டியல் முழுக்கத் தேடினேன். பெண்கள் ஓடாத படத்தில் எல்லாம் பெண்களுக்கு வேலையே இல்லை. கடைசியில் ஒரு படம் பிடித்தது. அதில் ஒரு பெண் ஓடுகிறாள், ஆனால் காதலனோடு அல்ல. அடிக்கிற புருஷனிடமிருந்து, தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறாள். இதை நான் வார்டனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு நாற்பது பெண்களும் வரிசையாக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். வார்டன் பின்னால் நின்றுகொண்டே பார்த்தார். ஆட்டோ வந்து நின்ற காட்சியில் பெண்கள் கைதட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை. முடிந்ததும் அவர்தான் என் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. கொசு என்று நினைத்துக்கொண்டேன். தலையை எண்ணிப் பெண்களை அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தப் புள்ள ஓடுனது தப்புதான் மேடம், ஆனா இன்டர்வெல்லுக்கு முன்னாலயே ஓடியிருக்கணும்லா."

செருப்பு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

லேஅவுட்டின் கடைசியில் இருக்கும் லைன் வீடுகளில் ஒன்றுக்கு சரசுவும் அவர் கணவர் கோவிந்தனும் குடிவந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர்கள். அங்கே மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், மகன் தினேஷுக்கு இங்கே கம்பெனியில் வேலை கிடைத்ததும் அவனோடு வந்துவிட்டார்கள். கோவிந்தனும் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஆனார். வந்த நாலாவது மாதம், ஊர்த் திருவிழாவுக்கு பைக்கில் போன தினேஷ், குருபரப்பள்ளி தாண்டி ஒரு லாரியில் மோதி இறந்துபோனான். அதற்குப் பிறகு சரசு வீட்டை விட்டு வெளியே வருவது தண்ணீர் லாரி வரும்போது மட்டும்தான். நான்தான் போய்ப் போய்க் கூப்பிட்டேன். "சிரிப்புப் படம் சரசு. சும்மா வந்து காத்தாட உக்காருங்க" என்றேன். மூன்று தடவை கூப்பிட்டதும், எனக்காக வருவதுபோல் வந்தார்.

அந்த மாதம் எங்கள் கம்பெனியில் டிஸ்பாட்ச் நெருக்கடி. தினமும் ஓவர்டைம். படத்தை முதல் ஒரு மணி நேரம் பார்த்தேன், வயிறு குலுங்கச் சிரித்தேன். மீதியும் இப்படித்தான் இருக்கும் என்று மூடி வைத்துவிட்டேன். பச்சைப் பெட்டியில் போட்டுவிட்டேன் என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, சுவரில் ஒரு பையன் பைக்கை எடுத்தான். ஹைவே. எதிரில் ஒரு லாரி. சத்தம் ஸ்பீக்கரில் வந்து, சுவரில் பட்டு, எங்கள் எல்லோர் மேலும் விழுந்தது. சரசு கத்தவில்லை. எழுந்து, மடியில் வைத்திருந்த முறுக்குப் பொட்டலம் கீழே விழுவதைக்கூடப் பார்க்காமல், வீட்டைப் பார்த்து நடந்தார். நான் ஓடிப்போய் லேப்டாப்பை அமுக்கினேன். வெறும் வெள்ளைச் சுவர். "என்ன ஆச்சு?" என்று நாலு மொழியில் கேட்டார்கள். மெஷின் கோளாறு என்று சொன்னேன்.

கூட்டம் கலைந்து நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, செக்யூரிட்டி யூனிஃபார்மில் கோவிந்தன் வந்து நின்றார். அவர் குனிந்து, சரசு உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உங்களைக் கேக்க வரலீங்க மேடம், வெறுங்காலோட வந்துட்டா, அதான் செருப்பை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மீதிப் படம்

இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. கம்பெனியில் கண் முன்னால் பீஸ் போய்க்கொண்டே இருக்கும், கை எடுக்காது. லைன் சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு சரசு வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவர்தான் பேசினார்.

"அந்தப் பையன் பொழைச்சானாக்கா?"

பிழைத்தான் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்வது எவ்வளவு சுலபம்! ஆனால் எனக்கு நிஜமாகவே தெரியாது. "தெரியல சரசு. நான் முழுசாப் பாக்கல. நேரமில்லைன்னு பாதியில விட்டுட்டேன். முழுசாப் பாத்திருந்தா உங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் கீரையைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானும் பாக்கல, நீங்களும் பாக்கல" என்றார். பிறகு, "மூணு நாளா அதே நெனப்பா இருக்குதுக்கா. பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய், சமையலறையில் தனியாக உட்கார்ந்து மீதியைப் பார்த்தேன். ஒரு படத்தைப் பார்க்க நான் அப்படிப் பயந்ததே இல்லை. பையன் பிழைத்துக்கொள்கிறான். ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு கண் விழித்து, வந்தவர்களை எல்லாம் ஆள் மாற்றிப் பேசுகிறான். அது ஒரு நல்ல சிரிப்புக் காட்சி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே திரும்பிப் போய்ச் சொன்னேன். சரசு தலையாட்டினார். மற்றவர்களும் தெரியாமல்தானே எழுந்து போனார்கள், மீதியைப் போடுங்கள், தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறே, மீதிப் படம் மட்டும் என்று குரூப்பில் போட்டேன். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கு யாரும் யாருக்கும் கதை விளக்கவில்லை. நாகம்மா முன்வரிசையை விட்டுவிட்டு, பின்னால் வந்து சரசுவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் நான். விபத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்பித்தேன். பையன் கண் விழித்தான். முகத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. கட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. முன்னால் குழந்தைகள் சிரித்தார்கள். சரசு சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கடைசிவரைக்கும் பார்த்தார். எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இப்படியெல்லாம் இருக்காதுக்கா... இருந்துட்டுப் போவட்டும்."

ராஜினாமா

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, இனி என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். கண் வலி என்றேன். உண்மைதான். முனிராஜப்பா வருத்தப்பட்டார், ஆனால் தடுக்கவில்லை. ராமலிங்கம் சார், ரமேஷ், வார்டன் ஸ்டெல்லா என்று மூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள். அன்றைக்கு ராத்திரி ஏழரை மணிக்கே படுத்துத் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை மாதம் ஆயிற்று!

கமிட்டி மூன்று தடவை கூடியது. ராமலிங்கம் சார் குறையில்லாத படம் கேட்டார். ரமேஷ் ஒன்பது மணிக்குள் முடிகிற படம் கேட்டார். வார்டன் என்ன கேட்டார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. மற்ற இருவர் சொன்னதையும் வேண்டாம் என்றார். இரண்டாவது ஞாயிறு வந்துவிட்டது. படம் முடிவாகவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை. ஜனங்கள் பாயோடும் முறுக்கோடும் வந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒடிசாக்காரர்களில் ஒருவர் போனில் பாட்டு வைத்தார். நான் வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன். ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ராஜினாமா செய்தது கமிட்டிக்குத் தெரியும், முனிராஜப்பாவுக்குத் தெரியும், லேஅவுட்டுக்குத் தெரியாது.

மறுநாள் காலை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. அதை ஓட்டும் சீனப்பா எல்லாப் படத்துக்கும் வந்து, எல்லாப் படத்தையும் திட்டியவர். ஹோஸ் பைப்பை என் தொட்டியில் விட்டுவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அடுத்த மாசத்துலேந்து நீங்களே பாருங்க மேடம், படம் நல்லா இருக்குதோ இல்லியோ, திட்டறதுக்கு ஒரே ஆளா இருந்தா எங்களுக்குச் சவுகரியம்."

அடுத்த மாதத்திலிருந்து மறுபடி நான்தான். ஒரு வருஷம் படம் தேர்ந்தெடுத்துவிட்டேன், நல்ல படம் எது என்று இன்னும் எனக்குத் தெரியாது. நான் வேண்டாம் என்று தள்ளிவைத்த படங்கள்தான் நல்ல படங்கள் என்று எங்கள் லேஅவுட்டில் எல்லோருக்கும் தெரியும்.